டோஃபுவில் பொடிமாஸ், ஆம்லெட், கலக்கி: எது வரும், எது வராது

"முட்டையை விட்டாச்சு. ஆனால் பொடிமாஸையும் ஆம்லெட்டையும் விட மனமில்லை. டோஃபு வாங்கிச் செய்து பார்த்தால் பொடிமாஸ் ரப்பர் மாதிரி கடிபடுகிறது, ஆம்லெட் திருப்பும்போது உடைகிறது, எதைச் செய்தாலும் சோயா வாடைதான் முன்னால் நிற்கிறது. வீட்டு அடுப்பில் இதைச் சரியாகச் செய்ய முடியுமா? சத்தில் முட்டைக்கு ஈடாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் உங்கள் மூன்று புகார்களில் முதல் இரண்டுக்கும் ஒரே காரணம்தான்: டோஃபுவை முட்டை மாதிரி சமைக்கிறீர்கள். முட்டை திரவம். சூடு பட்டதும் அதிலுள்ள புரதம் விரிந்து, ஒன்றோடொன்று பின்னி இறுகுகிறது. வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். மஞ்சள்கருவுக்கு இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும். டோஃபுவில் இந்த வேலை நம் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. காய்ச்சிய சோயாப் பாலில் கால்சியம் சல்ஃபேட், மக்னீசியம் குளோரைடு போன்ற உப்பைச் சேர்த்துத் திரிய வைத்து, அந்தத் திரளை அழுத்தி எடுத்ததுதான் கெட்டி டோஃபு. ஒருமுறை இறுகியது மறுபடி இறுகாது. வாணலியில் எவ்வளவு நேரம் போட்டுப் புரட்டினாலும் அது தண்ணீரைத்தான் இழக்கும். முட்டை வேகிற நினைப்பில் வதக்கிக்கொண்டே இருந்தால் ரப்பராகத்தான் ஆகும். அதையே மிக்ஸியில் அடித்துக் கல்லில் ஊற்றினால், சேர்த்துப் பிடிக்க எதுவும் இல்லாமல் உடையத்தான் செய்யும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பண்டம் சுலபம், எது கஷ்டம் என்பது தானாகவே தெரிந்துவிடும். முட்டை வெந்து உதிர்ந்த நிலையில் இருக்கும் பொடிமாஸ், கொத்து பரோட்டா, ஃப்ரைட் ரைஸ் எல்லாவற்றுக்கும் டோஃபு நேரடியாகவே பொருந்தும். திரவமாக ஊற்றி இறுக வைக்கும் ஆம்லெட், பாம்பே டோஸ்ட் போன்றவற்றுக்கு டோஃபுவோடு சூட்டில் இறுகும் ஒரு மாவு வேண்டும். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் செய்யும் மெரிங் வகைகளுக்கு டோஃபு உதவவே உதவாது. அதற்கு வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து அடிக்க வேண்டும். அது தனிக் கதை.

முதலில் வாங்கும் விஷயம். நம் ஊர்க் கடைகளில் பால் பனீர் இருக்கும் குளிர்பெட்டியில் டோஃபு, சோயா பனீர் என்ற இரண்டு பெயரிலும் கிடைப்பது பெரும்பாலும் கெட்டி வகை. 200 கிராம் பாக்கெட்டாக வரும். சோயா பனீர் என்று போட்டிருந்தால் பின்பக்கம் திருப்பி, பால் சார்ந்த எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில்கன் டோஃபு என்பது அழுத்தித் தண்ணீர் பிரிக்காமல், பெட்டிக்குள்ளேயே உறைய வைத்தது. கெட்டித் தயிர் போலக் குலுங்கும். பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும் ஆன்லைனிலும் கிடைக்கும், விலை கூடுதல். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அங்கே பிளாஸ்டிக் குழாயில் அடைத்து வரும் மஞ்சள் நிற 'எக் டோஃபு'வை எடுத்துவிடாதீர்கள். அது நிஜமான முட்டை சேர்த்துச் செய்தது. பெயரில் டோஃபு இருப்பதால் பலர் அதைச் சைவம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பாக்கெட்டைப் பிரித்தபின் மீதியை ஒரு டப்பாவில் தண்ணீரில் மூழ்க வைத்து, தினம் தண்ணீரை மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். புளித்த வாடையோ வழவழப்போ வந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்து உருகிய டோஃபு உள்ளே ஓட்டை ஓட்டையாக, ஸ்பாஞ்ச் போல ஆகிவிடும். மசாலாவை உறிஞ்ச வேண்டிய வறுவலுக்கு அது நல்லதுதான். முட்டையின் மென்மை வேண்டும் என்றால் அது சரிவராது.

அடுத்து சோயா வாடை. ஊறிய சோயாவைப் பச்சையாக அரைக்கும்போது அதிலுள்ள ஒரு நொதி அங்குள்ள எண்ணெயோடு வினைபுரிவதால் வருவது அது. வாங்கிய டோஃபுவில் அதை முழுக்க எடுக்க முடியாது, ஆனால் பெருமளவு குறைக்கலாம். டோஃபுவை விரல் தடிமன் பாளங்களாக நறுக்கி, நன்றாகக் கொதித்த உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். வாடை தண்ணீரில் இறங்கிவிடும், உப்பும் ஓரளவு உள்ளே ஏறும். டோஃபு என்றாலே துணியில் சுற்றி மேலே கனமான பாத்திரம் வைத்து அரை மணி நேரம் அழுத்த வேண்டும் என்று எங்கும் சொல்வார்கள். வறுவலுக்கு அது சரி. பொடிமாஸுக்கு வேண்டாம். கையால் லேசாக ஒத்தி எடுத்தால் போதும். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அந்த ஈரத்தைப் பிழிந்து வெளியே கொட்டிவிட்டு அப்புறம் மென்மையைத் தேடுவதில் அர்த்தமில்லை.

இப்போது பொடிமாஸ். 200 கிராம் கெட்டி டோஃபுவுக்குக் கணக்குச் சொல்கிறேன், இரண்டு பேருக்கு வரும். டோஃபுவைக் கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். துருவியில் துருவாதீர்கள், மிக்ஸி பக்கம் போகவே போகாதீர்கள். பெரிய துண்டு, சின்னத் துண்டு, தூள் எல்லாம் கலந்து கிடந்தால்தான் கண்ணுக்கும் வாய்க்கும் முட்டை மாதிரி இருக்கும். ஒரே அளவில் துருவினால் தேங்காய்ப் பூ போட்ட பொரியலாகத்தான் தெரியும்.

இன்னொரு கிண்ணத்தில் ஒரு டேபிள்ஸ்பூன் கடலைமாவு, நாலு டேபிள்ஸ்பூன் இனிப்பில்லாத சோயாப் பால் அல்லது தண்ணீர், கால் டீஸ்பூனுக்கும் குறைவாக மஞ்சள்தூள், கொஞ்சம் மிளகுத்தூள் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். இந்தக் கரைசல்தான் பொடிமாஸின் ரகசியம். முட்டைப் பொடிமாஸில் துண்டுகளுக்கு நடுவே ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஒன்று உண்டு இல்லையா, டோஃபுவை வெறுமனே உதிர்த்துப் போட்டால் அது இருக்காது. இந்த மாவுக்கரைசல் சூட்டில் இறுகி அந்த வேலையைச் செய்கிறது.

வாணலியில் இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய். கை கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். ஒரு முட்டையில் ஐந்து கிராம் கொழுப்பு இருக்கிறது. முட்டையின் ருசியில் பாதி அந்தக் கொழுப்பு நாக்கில் படியும் விதம்தான். டோஃபுவில் எண்ணெயை மிச்சம் பிடித்தால் சாப்பிடும்போது வாய் வறண்டு போகும். எண்ணெய் காய்ந்ததும் ஒரு பெரிய வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், ஒரு இணுக்குக் கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனால் போதும், சிவக்க வேண்டாம். உதிர்த்த டோஃபுவைப் போட்டு, தீயைக் கூட்டி இரண்டே நிமிடம் புரட்டுங்கள். மேலோட்டமாக ஈரம் வற்றியதும் தீயைக் குறைத்து, கரைசலைச் சுற்றி ஊற்றி, அரை நிமிடம் தொடாமல் விடுங்கள். அடியில் லேசாகப் பிடித்ததும் திருப்பியால் மடித்து மடித்துக் கிளறுங்கள். மாவின் பச்சை வாடை போக மூன்று நிமிடம் ஆகும். இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறதே என்று தோன்றும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். பாத்திரத்தின் சூட்டிலேயே மீதி வற்றிவிடும். உப்பு இதுவரை அரைவாசிதான் போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் முக்கியமான உப்பு இனிமேல்தான் வருகிறது.

அந்த உப்பு காலா நமக். தமிழில் கருப்பு உப்பு என்போம். பானிபூரித் தண்ணீரிலும் சாட் மசாலாவிலும் மூக்கில் ஏறும் வாடை இதனுடையது. முட்டையை வேகவைக்கும்போது வெள்ளைக்கருவில் உள்ள கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் சிதைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு கொஞ்சமாக வெளிவருகிறது. நாம் முட்டை வாசனை என்பதில் பெரும்பங்கு அதுதான். கருப்பு உப்பிலும் அதே கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. பாறை உப்பைக் கரியோடும் கடுக்காய் போன்ற காய்களோடும் சேர்த்து உலையில் பல மணி நேரம் சுடும்போது, உப்பில் இருக்கும் சல்ஃபேட்டுகள் சல்ஃபைடுகளாக மாறுகின்றன. ஆக இது ஏதோ நாக்கை ஏமாற்றும் வித்தை இல்லை. மூக்குக்குப் போய்ச் சேர்வது அதே வாயுதான்.

வாயு என்பதால்தான் அதைக் கையாளுவதில் கவனம் வேண்டும். கொதிக்கும் வாணலியில் முதலிலேயே போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். சமையலறை முழுக்க முட்டை மணக்கும், தட்டில் ஒன்றும் இருக்காது. அடுப்பை அணைத்தபின் அரை டீஸ்பூனுக்கு உட்பட்டுத் தூவி, ஒரு புரட்டு புரட்டி உடனே பரிமாறுங்கள். இன்னொன்று: எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு பட்டால் அந்த வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும். சாப்பிடும்போது இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் வாசனை சட்டென்று தூக்கும். கூடிவிட்டால் அழுகிய முட்டை நினைவுக்கு வரும், எனவே முதல் தடவை கால் டீஸ்பூனோடு நிறுத்துங்கள்.

கடையில் கேட்கும்போது இந்துப்புவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் உப்பு என்று பொதுவாகக் கேட்டால் இளஞ்சிவப்பாக இருக்கும் இந்துப்பைக் கொடுப்பார்கள். அதில் இந்த வாசனை துளியும் கிடையாது. கருப்பு உப்பு கட்டியாக இருக்கும்போதுதான் கருப்பு, பொடித்தால் அதுவும் மங்கிய இளஞ்சிவப்பாகவே இருக்கும். அதனால் நிறத்தை நம்பாமல் மோந்து பாருங்கள். சென்னையில் சௌகார்பேட்டை மாதிரி வட இந்திய மளிகை விற்கும் இடங்களில் கண்டிப்பாகக் கிடைக்கும், மற்ற ஊர்களில் சூப்பர் மார்க்கெட்டில் பிளாக் சால்ட் என்று பாக்கெட்டில் இருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், திறந்து வைத்தால் வாசனை மெல்லப் போய்விடும்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் நியூட்ரிஷனல் ஈஸ்ட் என்று ஒரு மஞ்சள் செதில் தவறாமல் வரும். இங்கே அது நல்ல விலை. நம் தாளிப்பும் வெங்காயமும் மிளகும் இருக்கும்போது அது இல்லாததை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி ஆம்லெட். மேலே சொன்னபடி இதற்கு, சூட்டில் புதிதாக இறுகும் ஒன்று வேண்டும். நம் வீட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. கடலைமாவு, ஊறவைத்து அரைத்த பாசிப்பருப்பு, சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) எல்லாமே பச்சையாக இருப்பதால் அவற்றின் மாவுச்சத்தும் புரதமும் கல்லில்தான் இறுகப் போகின்றன. பாசிப்பருப்பு இதில் இன்னும் ஒரு படி மேல். அமெரிக்காவில் புட்டியில் விற்கும் ஜஸ்ட் எக் என்ற முட்டை மாற்றுத் திரவமே பாசிப்பயறின் புரதத்தைப் பிரித்துச் செய்ததுதான். பெசரட்டு சுடத் தெரிந்தவர்களுக்கு அதில் வியக்க எதுவுமில்லை.

அப்படியானால் டோஃபு எதற்கு, மாவை மட்டும் கரைத்து ஊற்றலாமே என்று கேட்கலாம். ஊற்றலாம். மும்பை உடுப்பி ஓட்டல்களில் 'டொமேட்டோ ஆம்லெட்' என்று பல காலமாக விற்பது வெறும் கடலைமாவில் சுடுவதுதான். ருசியான பண்டம், ஆனால் கடிக்கும்போது அது அடைதான், ஆம்லெட் இல்லை. அந்த நடுப்பகுதியின் மிருதுவுக்குத்தான் டோஃபு.

நான் கைக்கொள்ளும் அளவு இது: சில்கன் டோஃபு 150 கிராம், கடலைமாவு கால் கப், சோளமாவு ஒரு டேபிள்ஸ்பூன், சோயாப் பால் அல்லது தண்ணீர் கால் கப், எண்ணெய் இரண்டு டீஸ்பூன், ஒரு சிட்டிகை மஞ்சள், சாதா உப்பு கால் டீஸ்பூன். எல்லாவற்றையும் மிக்ஸியில் வழவழவென்று அடித்து, பத்து நிமிடம் மூடி வையுங்கள், மாவு தண்ணீரை இழுத்துக்கொள்ளட்டும். கெட்டி டோஃபுதான் இருக்கிறதென்றால் 100 கிராம் எடுத்து, தண்ணீரை அரை கப்புக்கு மேல் கூட்டி அடியுங்கள். கொஞ்சம் மணல் மணலாக இருக்கும், தப்பில்லை. பதம் ஊத்தப்ப மாவைவிடச் சற்று நீர்க்க இருக்க வேண்டும். பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழை, மிளகு எல்லாம் அடித்தபின் கலக்க வேண்டும். நறுக்கியவை அதிகமானால் ஆம்லெட் விரிசல் விடும். ஆசைக்கு அளவு வேண்டும்.

உப்பலாக வரட்டும் என்று ஆப்ப சோடாவை மட்டும் போட்டுவிடாதீர்கள். சோடாவின் காரத்தன்மையும் மஞ்சளும் சேர்ந்தால் கலவை செங்கல் நிறத்துக்கு மாறும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கிற அதே ஆரத்தித் தட்டு வேதியியல். வேண்டுமென்றால் பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன் போடுங்கள். அதில் சோடாவைச் சமன் செய்யும் அமிலம் ஏற்கனவே இருக்கிறது.

பழகிய தோசைக்கல் அல்லது நான்ஸ்டிக் நன்றாகச் சூடானபின் தீயை நடுத்தரத்துக்கும் கீழே இறக்கி, எண்ணெய் விட்டு, ஒரு கரண்டி ஊற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பரப்புங்கள். பெரிதாக ஊற்றினால் திருப்புவது சிரமம். கட்டாயம் மூடி போடுங்கள். உங்களுடையது உடைந்ததற்கு, மாவு இல்லாதது ஒரு காரணம் என்றால், அவசரமாகத் திருப்பியது இன்னொரு காரணமாக இருக்கலாம். முட்டை ஒரு நிமிடத்தில் இறுகிவிடும். இது நாலைந்து நிமிடம் எடுக்கும். மேலே பளபளப்பு போய் மங்கலாகி, ஓரம் தானாகக் கல்லை விட்டு விலகும். அதற்கு முன் திருப்பியைக் கையில் எடுக்காதீர்கள். திருப்பிப் போட்டு இரண்டு மூன்று நிமிடம். கல்லிலிருந்து எடுத்ததும் மேலே கருப்பு உப்பும் மிளகும் தூவி, இரண்டு நிமிடம் ஆறவிட்டு மடியுங்கள். சுடச்சுட இருக்கும்போது உள்ளே கூழாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், சூடு இறங்க இறங்கத்தான் சோளமாவு முழுதாக இறுகும்.

இதே கலவையைக் கொஞ்சம் நீர்க்க வைத்து, வெங்காயத்துக்குப் பதில் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து ரொட்டியை முக்கிச் சுட்டால் பாம்பே டோஸ்ட். ரொட்டியை ஊறவிடாமல் முக்கியவுடன் கல்லில் போட்டுவிட வேண்டும். குழிப்பணியாரக் கல்லில் ஊற்றினால் மதுரைக் கரண்டி ஆம்லெட்டின் சாயலில் குண்டாக வரும். அதற்கு மட்டும் மாவைச் சற்றுக் கெட்டியாகக் கரையுங்கள்.

கலக்கியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் டோஃபுவுக்கென்றே பிறந்த முட்டைப் பண்டம் ஒன்று உண்டென்றால் அது கலக்கிதான் என்பேன். கொங்குப் பக்கத்துப் பரோட்டாக் கடைகளில், முட்டையோடு உப்பும் மிளகும் கொஞ்சம் சால்னாவும் சேர்த்துக் கலக்கிக் கல்லில் ஊற்றி, முழுதாக வேகும் முன்பே நாலு பக்கமும் மடித்துத் தட்டில் தள்ளுவார்கள். உள்ளே தளதளவென்று இருப்பதுதான் அதன் அழகு. சில்கன் டோஃபு இயல்பிலேயே அந்தப் பதம். 150 கிராமை முள்கரண்டியால் கொரகொரப்பாக மசித்து, கெட்டியான சால்னா மூன்று டேபிள்ஸ்பூன், மிளகு, சோளமாவு ஒரு டேபிள்ஸ்பூனை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்தது, ஒரு ஸ்பூன் எண்ணெய் கலந்து, நல்ல சூட்டில் இருக்கும் கல்லில் வட்டமாக ஊற்றுங்கள். ஓரம் பிடித்து, நடுவில் குமிழி வந்து மாவு கெட்டிப்படும் வரை, சுமார் இரண்டு நிமிடம் பொறுத்து, ஓரங்களை உள்ளே மடித்துத் தட்டுக்கு மாற்றி, கருப்பு உப்பைத் தூவுங்கள். அரைவேக்காட்டு முட்டையில் சால்மோனெல்லா கிருமி பற்றிக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் சொல்லும் எச்சரிக்கை இதற்குத் தேவையில்லை.

சால்னா என்றதும் கொத்து பரோட்டா. அதில் முட்டை செய்வது இரண்டு வேலை: பரோட்டாத் துண்டுகளைப் பூசி ஈரப்படுத்துவது, நடுநடுவே கடிபடுவது. பொடிமாஸுக்குச் சொன்ன உதிர்த்த டோஃபு, கரைசல் இரண்டையும் வெங்காயம் வதங்கியதும் போட்டு, அப்புறம் பரோட்டாவையும் சால்னாவையும் சேர்த்துக் கொத்தினால் முடிந்தது. பரோட்டாவைக் கடையில் வாங்கினால் மாவில் முட்டையோ பாலோ நெய்யோ சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கடைகளில் சேர்ப்பார்கள். ஃப்ரைட் ரைஸுக்கு டோஃபுவைத் தனியாக எண்ணெயில் லேசாகச் சிவக்க வறுத்து, கடைசியில் சாதத்தோடு கலக்க வேண்டும். முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுச் சாதம் குழைந்துவிடும்.

முட்டைக் குழம்புதான் வில்லங்கம். சோயாப் பாலில் அகர் அகர் என்ற கடற்பாசிப் பொடியைக் காய்ச்சி, முட்டை வடிவ அச்சில் ஊற்றி, நடுவே மஞ்சள்கருவுக்கு வேறொரு கலவை வைத்து அசல் அவித்த முட்டை போலவே செய்து காட்டும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாலட்டில் வைக்க அது அருமை. குழம்பில் போட்டால் கரைந்து காணாமல் போய்விடும். அகர் அகர் 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது உறையும், 85 டிகிரியை ஒட்டி மறுபடி உருகும். கொதிக்கிற குழம்பு அதைத் தாண்டித்தான் இருக்கும்.

எனவே குழம்புக்குக் கெட்டி டோஃபுவே கதி. உருவத்தில் முட்டையாக இல்லாவிட்டால் பரவாயில்லை என்பவர்கள் பெரிய துண்டுகளாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே கத்தியால் இரண்டு கீறல் போட்டு, எண்ணெயில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டு நாலு பக்கமும் பொரிய விடுங்கள், அவித்த முட்டையைக் குழம்பில் போடும் முன் செய்வது போலவே. பிறகு குழம்பில் பத்து நிமிடம் மெல்லிய தீயில் கிடக்கட்டும். மஞ்சள்கரு இல்லாத குறை தெரிகிறதென்றால், வேகவைத்த உருளைக்கிழங்கோடு ஊறவைத்து அரைத்த முந்திரி, ஒரு சிட்டிகை மஞ்சள், கருப்பு உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசைந்து உருட்டி, டோஃபுத் துண்டின் நடுவே ஸ்பூனால் குடைந்த பள்ளத்தில் அழுத்தி வைத்து, பரிமாறும்போது மேலே குழம்பை ஊற்றுங்கள். விருந்தாளி வரும் அன்றைக்கு இது சரி, தினப்படிக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள். முட்டைக் குழம்பில் நாக்கு தேடுவது முக்கால்வாசி குழம்பைத்தான், முட்டையை அல்ல.

கேக்குக்கு ஒரு முட்டை என்ற இடத்தில் வழவழப்பாக அடித்த சில்கன் டோஃபு கால் கப் சேர்க்கலாம், ஏறத்தாழ 60 கிராம். பிரவுனி, வாழைப்பழ கேக் மாதிரி கனமான வகைகளில் நன்றாக வரும். பஞ்சு போன்ற ஸ்பாஞ்ச் கேக்கை மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள்.

டோஃபு எளிதில் கிடைக்காத ஊர் என்றால் வீட்டிலேயே செய்யலாம். கால் கிலோ சோயாவை இரவு ஊறவைத்து, தோலைக் கசக்கி எடுத்து, இரண்டு லிட்டர் தண்ணீர் வரை சேர்த்து அரைத்து, துணியில் வடிகட்டி, பாலைப் பத்து நிமிடமாவது கொதிக்க விடுங்கள். இதில் சோம்பல் கூடாது, பச்சை சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, கொதித்தால்தான் அடங்கும். பால் பொங்கும்போது வேகமாகப் பொங்கி வழியும், பெரிய பாத்திரமாக வையுங்கள். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் பொறுத்து, மூன்று டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றை ஒரு கப் தண்ணீரில் கலந்து மெல்ல ஊற்றிக் கிளறாமல் மூடி வைத்தால் திரிந்து நிற்கும். தண்ணீர் தெளியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சாறு. துணியில் கொட்டி, ஒருமுறை அலசி, பனீர் போல அழுத்த வேண்டியதுதான். லேசான புளிப்பு தங்கும், பொடிமாஸில் அது கருப்பு உப்புக்குத் துணைதான். சக்கையை வீணாக்காமல் அடை மாவிலோ வடையிலோ சேர்த்து நன்றாக வேகும்படி சுட்டுவிடுங்கள்.

சத்து பற்றிக் கேட்டீர்கள். புரதத்தில் கவலை இல்லை. 50 கிராம் முட்டை ஒன்றில் ஆறு கிராமுக்குச் சற்று மேல் புரதம். கெட்டி டோஃபு 100 கிராமில் பிராண்டைப் பொறுத்து 10 முதல் 15 கிராம் வரை இருக்கும், பாக்கெட்டில் பாருங்கள். சோயாப் புரதத்தில் நமக்கு அவசியமான அமினோ அமிலங்கள் எல்லாமே இருக்கின்றன. கொலஸ்ட்ரால் கிடையாது. கால்சியம் சல்ஃபேட்டால் திரித்த டோஃபுவில் கால்சியம் நன்றாகவே உண்டு, முட்டையில் அது குறைவு.

ஈடாகாத இடம் வைட்டமின் பி12. முட்டை ஒன்றில் அரை மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கிறது. டோஃபுவில், தனியாகச் சேர்த்தால் ஒழிய, இல்லை. முட்டையோடு பாலையும் தயிரையும்கூடக் கைவிட்டவர் என்றால் பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். கீரை, பருப்பு, புளித்த மாவு எதுவும் அதை ஈடுகட்டாது. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டையில் நிறைய இருக்கும் கோலின் என்ற சத்தும் டோஃபுவில் குறைவுதான், கர்ப்பமாக இருப்பவர்கள் இதையும் சேர்த்துக் கேட்கலாம்.

சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு ஹார்மோன் குறையும் என்ற பயம் நம் ஊரில் நிறையவே உலவுகிறது. மனிதர்களிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சோயாவால் டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை என்றே முடிவு சொல்லியிருக்கிறார்கள். உண்மையிலேயே கவனிக்க வேண்டியவர்கள் வேறு. சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. அவர்கள் ஊறவைத்து அரைத்த பாசிப்பருப்பு மாவில் ஆம்லெட்டோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் ஒத்துக்கொள்ளுமா என்று தெரிந்தபின். தைராய்டுக்கு லெவோதைராக்ஸின் மாத்திரை போடுகிறவர்களுக்கு, சோயா உடம்பில் மாத்திரை சேர்வதைக் குறைக்கும். காலையில் மாத்திரை போட்ட கையோடு டோஃபுப் பொடிமாஸ் சாப்பிடாமல், அதை மதியத்துக்கோ ராத்திரிக்கோ தள்ளி வையுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கருப்பு உப்பும் சோடியம்தான், சாதா உப்போடு சேர்த்தே அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.